தம்பி இல்லாதவர்

அன்று மலைக்கோயிலுக்கு நான் சாமி கும்பிடப் போகவில்லை. சண்டை போடத்தான் போனேன்.

என் கணவர் ஷிகெயுகி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எரித்த சூடு ஆறுவதற்குள் அவருடைய அண்ணன் கனெஹிரோ எலும்புக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "கூடப் பொறந்தவன் நான். மதுக்கடையில ஊத்திக் குடுத்தவளுக்கு எங்க வீட்டு எலும்பு எதுக்குடீ?" என்று கேட்டார். ஏரிக்கரையில் என்னோடு ஒரே குழியில் கிடக்க வேண்டும் என்பதுதான் ஷிகெயுகியின் ஆசை. அண்ணன் என்றாலே அவருக்கு ஆகாது.

எங்கள் மலையில் சாவு விழுந்த குடும்பத்தார் ஐம்பது நாள் கோயில் எல்லையில் நிற்கும் தோரி வாசலைத் தாண்டக் கூடாது. அதனால் அறுவடைத் திருவிழாவன்று நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். உள்ளே வெள்ளை உடுப்பில், புது நெல் தட்டை ஏந்திக்கொண்டு கனெஹிரோ நின்றார். அந்தத் தட்டைத் தூக்கும் மரியாதைக்காக அவர் எத்தனை வருடம் நாயாய் அலைந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

என்னைக் கண்டதும் சீறினார்.

"ஏய், தீட்டோட இங்க வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"எனக்குத் தீட்டுன்னா உங்களுக்கு என்னவாம்? நீங்களும் அவரும் ஒரு வயித்துல பொறந்தவங்கதானே?"

கீழூரிலிருந்து விழாவுக்கு மட்டும் வந்துபோகும் பூசாரி திரும்பினார்.

"என்ன கனெஹிரோ, உங்க வீட்ல சாவா?"

"இல்லீங்க சாமி." தட்டை இறுக்கிப் பிடித்தார். "அவன் வீட்ட விட்டுப் போன அன்னிக்கே தலை முழுகிட்டோம். அவன் எனக்குத் தம்பியே இல்ல."

என் கணவருக்காக ஒரு கணம் நெஞ்சு வலித்தது. அப்புறம் புத்தி வேலை செய்தது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க, தம்பியே இல்லையாம்! அப்ப இவரு வீட்ல இருக்கிற குடம் யாரோடது? என்னோடதுதானே? நான் போய் எடுத்துக்கிறேன்."

"எம்மாம் திமிருடீ! தொட்டுத்தான் பாரேன்!"

திருவிழாவன்று எங்கள் ஊரில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. தட்டை ஏந்தியவரோ அதைச் சாமி முன்னால் வைக்கும்வரை கீழே இறக்கக் கூடாது, திரும்பி நடக்கவும் கூடாது.

மேளம் முழங்கியது. "ம், நடங்க" என்றார் பூசாரி.

கனெஹிரோ பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினார். நான் என் புருஷனைக் கூட்டிவரக் கீழே ஓடினேன்.