கட்டாயமில்லாத குரல்

லினக்ஸ் கணினியில் ஒரு மென்பொருள் ஒண்டியாக வந்து குடியேறுவதில்லை, குடும்பத்தோடுதான் வரும். எழுத்தை வரைந்து காட்ட ஒருவர், அச்சுப்பொறியோடு பேச ஒருவர், படத்தைத் திறக்க ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு தொகுப்பு. எந்தத் தொகுப்புக்கு யார் யார் துணை வர வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து எழுதிவைத்தால்தான் எல்லாம் ஒழுங்காக வந்து சேரும். அந்த யாராவதுகளில் ஒருத்தி அவள். பகலில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்வாள். மீதி நேரமெல்லாம் சம்பளம் இல்லாத இந்த வேலை.

அவள் பொறுப்பில் இருந்தது ஒரு சட்டகம். ஜன்னல், பொத்தான், எழுதும் பெட்டி எல்லாம் அதில் தயாராக இருக்கும்; மற்ற நிரலாளர்கள் அதன்மேல் தங்கள் மென்பொருளைக் கட்டிக்கொள்வார்கள். வெகுகாலமாக அது ஒரே பெரிய மூட்டையாகக் கிடந்தது. சின்னதாக ஒரு கால்குலேட்டர் கேட்டவன் தலையிலும் வீடியோ ஓட்டும் பகுதிவரை மொத்தமும் வந்து விழும். அதைப் பிரித்து அடுக்குவதே அந்த மழைக்காலம் முழுக்க அவளுக்கு வேலை.

கூடவே வேலை செய்தவனைக் குழுவில் கத்தரி என்பார்கள். எதைக் கண்டாலும் வெட்டலாமா என்று பார்க்கிறவன். அவள் அவனை நேரில் கண்டதில்லை. போனில் குரல்தான் பழக்கம்.

மூட்டையைப் பிரிப்பது சுலபம். பிரித்த பிறகு உறவு எழுதுவதில்தான் சிக்கல். 'கட்டாயம்' என்று எழுதினால், அந்தத் துணை இல்லாமல் மென்பொருள் திறக்கவே திறக்காது என்று பொருள். 'பரிந்துரை' என்று எழுதினால், இல்லாமலும் ஓடும், இருந்தால் நல்லது. பரிந்துரைத்ததும் வழக்கமாகத் தானே வந்துவிடும். வேண்டாம் என்று யாராவது கணினியில் அமைத்துவைத்தால்தான் வராது.

"அக்கா, இந்தக் குரல் இணைப்பு எதுக்குக் கட்டாயத்துல உக்காந்திருக்கு?" என்றான் கத்தரி ஒருநாள்.

"பார்வை இல்லாதவங்களுக்குத் திரையில இருக்கிறதைப் படிச்சுச் சொல்ற புரோகிராம் இருக்கில்ல, அதுக்கு நம்ம சட்டகம் விஷயத்தைச் சொல்ற வழியே இந்த இணைப்புதான்."

"அது தெரியும். அது இல்லன்னா மத்தது திறக்காதா?"

"திறக்கும்."

"அப்புறம் என்ன? சர்வர் அறையில கிடக்கிற மெஷினுக்கு யாரு கதை படிக்கப் போறாங்க? விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. உங்க சொந்தக்காரங்களுக்கு மட்டும் தனி வரிசையா?"

அவளுடைய அண்ணனுக்குப் பார்வை இல்லை என்பது குழுவில் எல்லோருக்கும் தெரியும். கத்தரி கேலியாகத்தான் சொன்னான். ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. வேண்டியவர்களுக்காக வளைந்து கொடுத்தாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று தோன்றியது. அந்த வரியைக் கட்டாயத்திலிருந்து எடுத்துப் பரிந்துரையில் வைத்தவள் அவளேதான்.

அண்ணன் வேறு ஊரில் தனியாக இருந்தான். மருத்துவர்கள் பேசிப் பதிந்த குறிப்புகளைக் கேட்டு, நோயாளிக்கு ஒரு படிவமாகத் தட்டச்சு செய்து தரும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். இன்னும் தற்காலிகம்தான். மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதா, நிறுத்திவிடுவதா என்று அலுவலகம் முடிவு செய்ய இருந்தது. எத்தனையோ வாசல் ஏறி இறங்கிய பிறகு கிடைத்த வேலை அது.

புதிய தொகுப்புகள் வெளியான மறுநாள் அவன் போன் வந்தது. அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அவனுக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"பாப்பா, வேலையா இருக்கியா? மெஷின் என்னோட கா விட்டிருச்சு."

"சுத்தமா பேசலையா?"

"மத்ததெல்லாம் வாய் ஓயாம பேசுது. டைப் பண்ற புரோகிராமுக்குள்ள போனா மட்டும் வாயைக் கட்டிப் போட்ட மாதிரி ஆயிடுது. நேத்து அப்டேட் வந்துச்சே, அதுலேருந்து."

"நேத்து வேலையை என்ன பண்ணினே?"

"அனுப்பிட்டேன். கையில பழக்கம் இருக்கே. சாயங்காலத்துக்குள்ள வேணும்னாங்க. இந்த நேரத்துல போய் மெஷின் பேசலன்னு சொல்லிக்கிட்டு நிக்க முடியுமா?"

அடுத்த பேருந்தில் ஏறினாள். அண்ணன் அறையில் பல்பு எப்போதோ பீஸாகியிருந்தது. அவனுக்குத் தெரிய வழியில்லை. திரை வெளிச்சத்தில் உட்கார்ந்து, என்னென்ன தொகுப்பு இருக்கிறது என்று கணினியிடம் கேட்டாள். தட்டச்சு மென்பொருள் அவளுடைய சட்டகத்தின்மேல் கட்டியது; அதற்கு வேண்டிய குரல் இணைப்பு அதில் இல்லை. ஏன் வரவில்லை என்று அமைப்புக் கோப்பைத் திறந்தாள். 'பரிந்துரைகளைக் கொண்டுவராதே' என்று ஒரு வரி. வட்டில் இடம் குறைவு என்று, அந்தக் கணினியை அவனுக்கு வாங்கித் தந்த அன்று அவளே எழுதிய வரி. இரண்டு கதவு இருந்தது. இரண்டையும் சாத்தியது ஒரே கை.

இணைப்பைப் போட்டதும் தட்டச்சு மென்பொருள் பேசியது.

"நேத்து அனுப்பினதைத் திற, பாப்பா. கேட்டுடலாம்."

புதுப்பித்த பிறகு முதல் படிவத்தை நிரப்பி முடித்ததும், 'புதிய வசதிகள்' என்று ஒரு சின்னப் பெட்டி குறுக்கே வந்து நின்றிருக்கிறது. பார்க்கிறவர்கள் மூடிவிட்டுப் போவார்கள். அண்ணன் முதல் குறிப்பை முடித்து, அடுத்த படிவத்துக்குப் போகும் விசையை அழுத்தியபோது, அது அந்தப் பெட்டியைத்தான் மூடியிருக்கிறது. படிவம் நகரவில்லை. குரல் இருந்திருந்தால் அடுத்த நோயாளியின் பெயரைச் சொல்லியிருக்கும். அவன் அடுத்த குறிப்பைத் தட்டினான்; அது முதல் நோயாளியின் படிவத்திலேயே போய் விழுந்தது. அதிலிருந்து எல்லாமே ஒரு படிவம் பின்தங்கிவிட்டது. ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் பெயருக்குக் கீழே இருந்தது.

குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்துக்கொண்டே போனது. கர்ப்பிணி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, அதன் கீழே ஒரு கிழவரின் இதய மாத்திரையைச் சொன்னது.

"போதும், நிறுத்து," என்றான் அண்ணன்.

அவள் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் விளக்கினாள். கட்டாயம், பரிந்துரை, வட்டு, அந்த வரி. அவன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

வாசலில் நின்று கத்தரிக்குப் போன் செய்தாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு அக்கா," என்றான். "ஆனா விதிப்படி நாம செஞ்சது சரிதானே. அது இல்லாமயும் ஓடுது."

"யாருக்கு ஓடுது?"

அந்தப் பக்கம் விசைகளைத் தட்டும் ஒலி கேட்டது. "கட்டாயத்துக்கே மாத்திட்டேன். உங்க அண்ணன்கிட்ட... எதாவது சொல்லுங்க அக்கா."

மறுநாள் அவள் அண்ணனுடைய அலுவலகத்துக்குப் போனாள். மேற்பார்வையாளர் அம்மாள் நாற்காலி போடச் சொல்லிப் பொறுமையாகக் கேட்டார். அவளும் ஒரு காகிதத்தில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டினாள்.

"நல்லா விளங்கச் சொல்றீங்க. எங்க ஆளுங்களுக்கே நீங்க கிளாஸ் எடுக்கலாம்," என்றார் அவர். "சரிபார்க்கிறவங்க கண்ணுல பட்டுட்டுது, யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்க அண்ணன் மேல எனக்குக் கோபமும் இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இனிமே இப்படி நடக்காதுன்னு நான் மேல எழுதலாமா?"

அவள் தான் வரைந்த பெட்டிகளைப் பார்த்தாள். அந்தச் சட்டகத்துக்கு அடியில் இன்னும் எத்தனையோ தொகுப்புகள். ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர், அவளைப் போலவே நல்ல எண்ணத்தோடு, இந்நேரமும் பிரித்து அடுக்கிக்கொண்டிருப்பார்.

"இந்த ஒண்ணு நடக்காது," என்றாள்.

அம்மாள் தலையசைத்தார். "சொல்லி அனுப்புறோம்."

சாயங்காலம் அண்ணன் கதவருகிலேயே காத்திருந்தான். அவளுடைய செருப்புச் சத்தத்திலேயே பாதி தெரிந்துகொண்டிருப்பான். மீதியை அவள் சொன்னாள்.

"நடக்காதுன்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே, பாப்பா."

"பொய்யா?"

"ஊரே சொல்லுது." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கணினி இருந்த பக்கம் திரும்பி, "அப்டேட்டை நிறுத்திடு," என்றான்.

"அப்படி நிறுத்தக்கூடாதுண்ணா. பாதுகாப்புல கண்டுபிடிக்கிற ஓட்டையெல்லாம் அடைபடாமயே இருக்கும். வருஷம் போகப்போக மத்த மெஷினெல்லாம் பேசுறது இதுக்குப் புரியாது. புது ஃபைல் திறக்காது. தனித்தீவாயிடும்."

"புரியுது. வேற எங்கயாவது வேலை கேட்டா, இன்னிக்குப் பேசுற மெஷின் நாளைக்கும் பேசணும். நிறுத்து."

அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்து, குரலை அணைக்கக் கை நீட்டினாள்.

"அதை அணைக்காதே. நீ என்ன எழுதுறேன்னு எனக்குக் கேக்கணும்."

இதுவரை அவன் அப்படிக் கேட்டதில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டு, அப்டேட்டை நிறுத்தும் வரியை எழுதத் தொடங்கினாள். அவள் தட்டிய ஒவ்வொரு எழுத்தையும் கணினி உரக்கச் சொன்னது. அண்ணன் அவள் பின்னால் நின்று கடைசி எழுத்துவரை கேட்டுக்கொண்டிருந்தான்.