பிறந்தநாள் கெடு

மெத்தைக் கடையின் மத்தியானம் வேறு எந்தக் கடைக்கும் வாய்க்காது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தெரு வெயிலில் வெந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில்கள், மேகம் தரையிறங்கி இளைப்பாறுகிற மாதிரி கிடக்கும். வாங்க வருகிறவர்களை, அங்கே விற்பனைக்கு நிற்கிற சின்னவள் பேசவே விடமாட்டாள். செருப்பைக் கழற்றச் சொல்லி, படுக்கவைத்து, போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். விலையெல்லாம் அப்புறம்தான். ஆள் நிஜமாகவே தூங்குகிறாரா, இல்லை பெண்டாட்டியின் தொணதொணப்புக்குப் பயந்து கண்ணை மூடிக்கிடக்கிறாரா என்று ஹாலின் மறுகோடியிலிருந்தே சொல்லிவிடுவாள். தூங்குகிறவருக்கு வாய் லேசாகத் திறந்துகொள்ளும், நடிக்கிறவர் எச்சில் விழுங்குவார். இதில் அவளை ஏமாற்றியவர் யாரும் கிடையாது.

அன்று அவளுக்குப் பிறந்தநாள். பரிசுத்தாள் சுற்றிய பொட்டலத்தோடு அக்கா வந்து நின்றாள். இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள், இன்று எந்தக் காற்று அடித்து வந்தாளோ!

பேசாமல் போனதற்குக் காரணம் டியூஷன் மாஸ்டர். மாஸ்டராம் மாஸ்டர்! மற்ற பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பன்னிரண்டு வயதுச் சின்னவளை மட்டும் கணக்குப் போட நிறுத்திவைப்பான். அவளை என்னவெல்லாம் செய்தான் என்பதை அவள் ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டுச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரே கட்டிலில், அக்காவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள். அக்கா திரும்பவில்லை. பாவம், தூங்கிவிட்டாள் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வாய் திறக்கத் தைரியம் வர, பாதி ஆயுள் ஆகிவிட்டது.

சின்ன வயதில் நடந்த கொடுமைக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட இந்தப் பிறந்தநாளுக்கு முந்தின நாள்வரைதான் சட்டம் இடம் கொடுக்கிறது, அதற்கு மேல் கோர்ட் காது கொடுத்தும் கேட்காது என்று வக்கீலம்மா சொல்லியிருந்தாள். அப்போதே கேட்டவர் யாராவது சாட்சி சொன்னால் வழக்கு நிற்கும் என்றும் சொன்னாள். ஆனால் அக்கா இன்றைக்கு அந்த மாஸ்டரின் டியூஷன் சென்டரில்தான் மேனேஜர். இரண்டு மாதம் முன்னால் கெடுவைச் சொல்லிச் சாட்சிக்குக் கூப்பிட்டபோது, நான் தூங்கிட்டேன், எனக்கு ஒண்ணும் தெரியாது என்று போனை வைத்தவள்தான்.

கால் வலிக்கிறது என்று அக்கா ஒரு கட்டிலில் சாய்ந்தாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். சின்னவளும் பக்கத்துக் கட்டிலில் படுத்தாள். விற்கிற கட்டிலில் அவள் படுப்பது அதுதான் முதல் தடவை. மின்விசிறி சுற்றச் சுற்ற மேற்கூரை விலகிப்போவது போலிருந்தது, உடம்பு எடையில்லாமல் மிதந்தது. அக்காவின் குரல் கனவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"நேத்தோட கெடு முடிஞ்சிடுச்சுல்ல?"

சின்னவள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதான் சொல்றேன். அன்னைக்கு நான் தூங்கலடி. நீ சொன்னது எல்லாம் கேட்டேன்."

மிதந்த உடம்பு தொப்பென்று கீழே வந்தது. ஊரார் தூக்கத்தையெல்லாம் எடை போட்டவள், அந்த ஒரு தூக்கத்தை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அக்கா தூங்கியிருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் இத்தனை வருஷம் யாரை நம்பி வாழ்ந்தாள்? அவளுக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. ஆத்திரம்தான் முந்தியது.

"கேஸ் நேத்தே போட்டாச்சுக்கா."

அக்கா சட்டென்று தலையைத் திருப்பினாள். "சாட்சி இல்லாமலா?"

"சாட்சி இல்லாமத்தான். தோத்தாலும் பரவாயில்லன்னு போட்டேன்."

அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். நான் சாட்சி சொல்லாவிட்டால் இவளும் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டு, கெடு தாண்டியதும் மனபாரத்தை இறக்கிவைக்க வந்தவள் அவள். நல்ல கணக்கு! இனிமேல் தான் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று முணுமுணுத்தாள்.

"கேஸ் போடத்தான்க்கா கெடு. சாட்சி சொல்றதுக்குக் கெடு இல்ல."

"என் வேலை போயிடும்டி."

"போகட்டும்" என்றாள் சின்னவள். அவ்வளவு கறாராகத் தன்னால் சொல்ல முடியும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். சின்னவள் எழுந்து போய், செருப்பைக் கழற்றச் சொல்லி, இருவரையும் கோடியிலிருந்த கட்டிலில் படுக்கவைத்தாள். திரும்பிப் பார்த்தபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"வக்கீலம்மா சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

அக்கா எழுந்து நின்றாள். கால் நடுங்கியதில் கட்டில் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். தாங்கிப் பிடிக்கச் சின்னவளின் கை தானாகவே நீண்டது. அவள் அதை மடக்கிக்கொண்டாள். நடுங்கிக்கொண்டே போய்ச் சொல்லட்டும் என்று கதவை மட்டும் திறந்துவிட்டாள்.