கடல் எங்க வீட்டு வாசல்ல

ஜூலை விடுமுறை விட்ட மறுநாளே கடலோரக் குவராபரியிலிருந்து நாத்தனார் குடும்பம் வலதாரெஸில் ஜுரேமா வீட்டில் வந்து இறங்கிவிடும். சொலாஞ்சி, அவள் புருஷன், இரண்டு பையன்கள். முழுசாக இரண்டு வாரம். ஜுரேமாவின் கட்டில் சொலாஞ்சிக்கும் புருஷனுக்கும். ஜுரேமாவும் அவள் புருஷன் அதெமாரும் ஹாலில் பழைய மெத்தையை விரித்துக்கொண்டு படுப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவளுக்கு நடு வருஷத்தில் கிடைக்கிற ஓய்வு அது ஒன்றுதான். அதிலும் அடுப்படிதான்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று, கேட்டுக்கு வெளியே டாக்ஸியில் ஒரு காலை வைத்த பிறகு, ஜுரேமா கட்டிக் கொடுத்த சீஸ் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொலாஞ்சி திரும்புவாள்.

"அண்ணி, ஜனவரில கண்டிப்பா நம்ம வீட்டுக்கு வரணும், சொல்லிட்டேன். கடல் எங்க வீட்டு வாசல்ல!"

பதினோரு ஜூலையாக இதே வசனம்.

வாசலில் கடலை வைத்திருக்கிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா? ஆற்று மீனைப் பொரித்து வைத்தால் மூக்கைச் சுளிப்பாள். "இதையெல்லாம் எங்க ஊர்ல பூனைக்குப் போடுவோம் அண்ணி." வெயில் கொளுத்தினால் பெருமூச்சு விடுவாள். "எங்க பால்கனில இந்நேரம் காத்து ஆளையே தூக்கிட்டுப் போகும்." உடனே போனைத் திறந்து காட்டுவாள். நீலக் கோடு போட்ட துணி ஊஞ்சல், ஓரத்தில் விளிம்பு உடைந்த சிவப்புத் தொட்டியில் ஒரு பெரணிச் செடி, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். ஐம்பத்திரண்டு வயதாகியும் கடலை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஜுரேமா, கரண்டியும் கையுமாக நின்று அந்தப் படத்தைப் பார்ப்பாள். மீனைப் பற்றிச் சொன்னதை மட்டும் மறக்க மாட்டாள்.

இந்த வருஷம்தான் அதெமாருக்கு கேஸ் வண்டிக் கம்பெனியில், பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறையான வருகிற ஜனவரியில் லீவு விழுந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு வருவது இதுதான் முதல் தடவை. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் தைனாரா, நவம்பரில் ஒரு சனிக்கிழமை யாரையும் கேட்காமல் மூன்று ரயில் டிக்கெட் போட்டுவிட்டாள். ஜனவரி ஏழாம் தேதி. அடிமட்ட விலை, அதனால் திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்.

"இப்ப போகலேன்னா நீ எப்பவும் போக மாட்டேம்மா. எனக்குத் தெரியும்."

ஜுரேமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மருந்துக்கடை காலண்டரைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுத் திட்டம் எழுதினாள். காரியசிகா வரைக்கும் ரயில், அங்கிருந்து பஸ். அரிசி, பீன்ஸ், காப்பித்தூள் எல்லாம் இங்கிருந்தே. வழிக்கு வறுத்த கோழி, பூண்டும் பன்றிக்கொழுப்பும் போட்டு வறுத்த மரவள்ளி மாவு. கடற்கரையிலும் அதே டப்பாதான், கடைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. தங்குமிடம் என்று எழுதி, எதிரில் "சொலாஞ்சி வீடு" என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டாள். அந்த இரண்டு கோட்டின் மேல்தான் மொத்தப் பயணமும் நின்றது. ஜனவரியில் குவராபரியில் அறை எடுத்துத் தங்குகிற வசதி அவர்களுக்குக் கிடையாது.

"அத்தை வீட்டு அட்ரஸ் சொல்லும்மா. எந்த பஸ்ஸுன்னு பாக்கறேன்" என்றாள் தைனாரா.

ஜுரேமாவுக்கு அது தெரியாது. பதினோரு வருஷமாக சொலாஞ்சி கூப்பிடுகிறாள், தெருப்பேரைக்கூட ஒருநாளும் சொன்னதில்லை. கடல் எங்க வீட்டு வாசல்ல என்பதை எந்த பஸ் டிரைவரிடம் சொல்லி இறங்குவது?

தேதியைச் சொல்லி, அட்ரஸ் கேட்டு, சொலாஞ்சிக்குக் குரல்செய்தி அனுப்பினாள். கேட்டுவிட்டாள் என்று காட்டும் நீலக்குறி அடுத்த நிமிஷமே விழுந்தது. பதில் வர இரண்டு நாளாயிற்று.

"அண்ணி! ரொம்ப சந்தோஷம் அண்ணி! ஆனா பாருங்க, ஜனவரில எங்க கட்டடத்துக்கு பெயிண்ட் அடிக்கறாங்க. வாடை மண்டைய உடைக்கும். பிப்ரவரில வெச்சுக்குவோமா?"

பிப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஜுரேமா பல்லைக் கடித்துக்கொண்டு, "பெயிண்ட் வாடைய நான் பாத்துக்கறேன், நீ அட்ரஸ அனுப்பு" என்றாள். "அட்ரஸ் எதுக்கு அண்ணி, நானே வந்து கூட்டிட்டுப் போக மாட்டேனா" என்று ஒரு பதில். கட்டட மேனேஜர் வெளியாள் தங்கவிடாமல் தலையெண்ணுகிறார் என்று இன்னொன்று. கடைசியாக, சின்னவனுக்கு அம்மை போட்டிருக்கிறதாம். நவம்பரில் போட்ட அம்மை ஜனவரி வரைக்கும் அவனை விட்டு இறங்காதாம்!

"விடேன். அவளுக்கு என்ன கஷ்டமோ" என்றான் அதெமார்.

"கஷ்டமா? பதினோரு வருஷம் என் கட்டில்ல கவுந்தடிச்சுப் படுத்தாளே, அப்ப எனக்கு இடுப்பு வலிக்கலையா? ஒரு வாரம்யா. ஒரே ஒரு வாரம். உன் தங்கச்சிக்கு வாய்தான் விருந்து வைக்குது, கதவ சாத்திக்கறா."

அதெமார் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இப்படித்தான். வீட்டில் இடி விழுந்தாலும் கோப்பைக்குள்தான் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பீன்ஸ் குக்கர் சீறிக்கொண்டிருக்கும்போது, தைனாரா சமையலறை மேஜையில் உட்கார்ந்து போனில் மலிவாக ஏதாவது அறை கிடைக்குமா என்று துழாவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகத் தள்ளினாள். திடீரென்று விரல் நின்றுவிட்டது.

"அம்மா. இங்க வா."

நீலக் கோடு போட்ட ஊஞ்சல். விளிம்பு உடைந்த சிவப்புத் தொட்டி. பெரணிச் செடி. கடல். கீழே, விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் என்றிருந்தது. ஒரு ராத்திரி வாடகை, ஜுரேமா பத்து நாள் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தால் கிடைக்கிற சம்பளம். ஜனவரி ஏழு முதல் காலி.

ஜுரேமா கத்த ஆரம்பித்தாள்.

"பெயிண்ட் வாடையா! காசு குடுக்கறவன் மூக்குக்கு அடிக்காதாம், அண்ணன் பொண்டாட்டி மூக்குக்கு மட்டும் அடிக்குமாம்! அம்மையாம்! சொந்தப் பிள்ளைக்கு அம்மை வரவழைச்சு வீட்ட வாடகைக்கு விடறாளே, இவ ஒரு பொம்பளையா? எடு போன. நல்லா நாலு வார்த்தை கேக்கறேன். ஏய், நீ எங்க நழுவற? நில்லு!"

கடைசி வாக்கியம் வாசல் பக்கம் நகர்ந்த அதெமாருக்கு. அவன் நின்றான்.

"இரும்மா, கத்தாத" என்றாள் தைனாரா. அவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். "வீடு அத்தை பேர்ல இல்ல. யாரோ டாக்டர் எவாந்த்ரோன்னு போட்டிருக்கு. கீழ தங்கிட்டுப் போனவங்க எழுதியிருக்காங்க. கேளு." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அருமையான வீடு. சுத்தம் செய்ய வரும் சொலாஞ்சி தங்கமான பெண்மணி. மலைமேலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறார். கிறிஸ்துமஸ் அன்றுகூட வந்து விரிப்பு மாற்றினார். எங்கள் பெட்டிகளையும் அவரே மேலே தூக்கி வந்தார். ஐந்து நட்சத்திரம்."

குக்கர் சீறியது. யாரும் எழுந்துபோய் அணைக்கவில்லை.

"இன்னொரு தடவ படி" என்றாள் ஜுரேமா.

தைனாரா படித்தாள். ஜுரேமா மகளைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள். அதெமார் முகத்தில் ஆச்சரியம் என்பது துளிக்கூட இல்லை.

"உனக்குத் தெரியும்."

அவன் கண் காப்பிக் கோப்பையைத் தேடியது.

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"நாலு வருஷம்! ஒரே மெத்தைல படுத்துக்கிட்டு, அவ பால்கனிக் கதைய நான் வாயப் பொளந்து கேக்கறத நாலு வருஷம் வேடிக்கை பாத்திருக்க."

"அவ அழுதா, ஜுரேமா. உன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு கால்ல விழாத குறை. நீ சிரிப்பேன்னு பயந்தா."

"நானா? நானா சிரிப்பேன்?"

கேட்டுவிட்டாளே தவிர, சிரித்திருக்க மாட்டாள் என்று அவளாலேயே சத்தியம் செய்ய முடியாது. அந்தப் பூனை மீனுக்காகவாவது கொஞ்சம் சிரித்திருப்பாள். அந்த உண்மை அவள் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. பெட்டி தூக்க வைத்துவிட்டு நட்சத்திரம் போட்டவன்மேல் கோபம். கிறிஸ்துமஸ் அன்று விரிப்பு மாற்றக் கூப்பிட்ட டாக்டர்மேல் கோபம். கோப்பைக்குள் பார்க்கிறவன்மேல் கோபம். எல்லாருக்கும் மேலே, தன் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டுத் தன்னை இவ்வளவு கேவலமாக எடை போட்டவள்மேல் அடங்காத கோபம்.

போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் சொலாஞ்சி எடுத்தாள்.

"அண்ணி! இப்பதான் நெனச்சேன். சின்னவனுக்கு இன்னும்—"

"டாக்டர் எவாந்த்ரோ வீட்டுல பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சாடி?"

அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.

"யாரு சொன்னா? அண்ணனா?"

"உங்க அண்ணன் எனக்கு என்னைக்கு என்ன சொன்னான்? ஊர் உலகமே படிக்கிற மாதிரி எழுதி வெச்சிருக்கு. அஞ்சு நட்சத்திரமாம் உனக்கு."

"சிரிங்க அண்ணி." சொலாஞ்சியின் குரல் உடைந்தது. "நல்லா சிரிங்க. ஆமா, நான் அடுத்தவன் கக்கூஸ் கழுவறவதான். ரெண்டு ரூம்பு வீடு. மேல தகரம். மழை பேஞ்சா நாலு இடத்துல பாத்திரம் வைக்கணும். கடலெல்லாம் தெரியாது, கடலுக்கு முதுகு காட்டின மலை. உங்கள எங்க கொண்டுபோய்ப் படுக்க வைப்பேன்?"

"வாய மூடு!"

ஜுரேமா கத்திய கத்தலில் தைனாரா எழுந்துபோய்க் குக்கரை அணைத்தாள்.

"பதினோரு வருஷம் என் கட்டில்ல படுத்தியே, எங்க வீட்டுல எத்தன ரூம்பு? ரெண்டு. மழைக்கு எங்க வீடு ஒழுகலையா? நீ வந்தப்ப என்னைக்காவது அத மறைக்க நான் துணிய கட்டிவிட்டேனா? பக்கெட்ட வெச்சேன், நீயும் கூட வெச்ச. நான் என்ன அந்த டாக்டரோட ஊஞ்சலுக்கா வரேன்னு சொன்னேன்? நீதானடி பால்கனி பால்கனின்னு என் உயிர எடுத்த! எனக்குக் கடல் வேணும். ராத்திரிக்கு ஒரு தரை வேணும். தரை இருக்கா இல்லையா உங்க வீட்டுல?"

"இருக்கு."

"அப்ப என்ன?"

"வீட்டுலேர்ந்து கடல் தெரியாது அண்ணி" என்று சொலாஞ்சி மறுபடியும் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள்.

"கடல் எங்கயாவது ஓடியா போகப் போவுது? நடந்து போய்ப் பாத்துக்கறேன். உன்கிட்ட கடல யாரு கேட்டா? அட்ரஸத்தான் கேட்டேன். அனுப்பு. இன்னொண்ணும் கேட்டுக்கோ, கட்டில்ல நான்தான் படுப்பேன். நீ கீழ. உங்க அண்ணன் அடுப்படில, கதவுக்கு வெளிய தள்ளினாலும் தள்ளுவேன்."

போனை வைத்துவிட்டாள். அதெமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பேசாத" என்றாள்.

அரைமணி நேரம் கழித்து போன் சிணுங்கியது. குரல் இல்லை, எழுத்து. சொலாஞ்சிக்கு எழுதவே பிடிக்காது, எல்லாவற்றையும் பேசித்தான் அனுப்புவாள். இதை எழுதியிருந்தாள். முதலில் தெருப்பேர். அதற்குப் பக்கத்தில், வீட்டு எண் போடுகிற இடத்தில், "எண் கிடையாது" என்றிருந்தது. அதன் கீழே: பேக்கரிக்குப் பின்னால் படிக்கட்டு, எண்பத்திரண்டு படி, பச்சைத் தகரக் கதவு. யாரைக் கேட்டாலும் வேலைக்காரி சொலாஞ்சி வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

ஜுரேமா காலண்டரைத் திருப்பினாள். சொலாஞ்சி வீடு என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்த இடத்துக்குக் கீழே, தெருவை எழுதினாள், பேக்கரியை எழுதினாள், எண்பத்திரண்டு படியை எழுதினாள், பச்சைக் கதவை எழுதினாள். வேலைக்காரி என்ற சொல் வந்தபோது பேனா நின்றது. அதை விட்டுவிட்டு, "அதெமார் தங்கச்சி சொலாஞ்சி" என்று காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

"எண்பத்திரண்டு படி" என்றாள் தைனாரா மெதுவாக. "உன் முட்டி என்னம்மா ஆகும்?"

"முட்டி போனா போகட்டும். அரிசி மூட்டைய உங்கப்பன் தூக்கட்டும், நாலு வருஷம் ரகசியத்தத் தூக்கினவன்தான."

பீன்ஸ் அடிபிடித்திருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே அவள் சொலாஞ்சிக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டாள். பூனை மீன், பால்கனிக் காற்று, இல்லாத அம்மை, பதினோரு ஜூலை. ஒன்றையும் போனில் சொல்லித் தீர்க்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. ஜனவரி ஏழாம் தேதிவரை அத்தனையையும் அப்படியே வைத்திருந்து, பச்சைக் கதவைத் தட்டி, அவள் திறந்ததும் நேரில் கொடுப்பதாக இருந்தாள்.