பொத்தான் சங்கத்துத் தொப்பி

"வியாழக்கிழமை தலைய நல்லாப் படிய வாரிட்டு வாடா. தொப்பி உன் தலையில உட்காரப் போகுது."

பொத்தான் செய்வோர் சங்கத்தின் தலைவர் கிளெமெண்ட் பரேஜ் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை வில்ஃபிரட் டான்ஸ்லி தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த தலைவர் யாரென்று லண்டனில் அந்தச் சங்கம் வாயால் அறிவிப்பதில்லை. மதிய விருந்தில் சிவப்பு வெல்வெட் தொப்பி வரும். பதவி முடிந்தவர் அதைச் சிலர் தலையில் வைத்து, பெரிசு, சிறிசு என்று எடுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசியாக யார் தலையில் விட்டுவைக்கிறாரோ அவர்தான் தலைவர். வருஷா வருஷம் வில்ஃபிரட்டும் சிரித்தவர்தான். ஆனாலும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. "இந்தத் தடவை நான்தான்" என்று மனைவி ஈனிட்டிடம் சொல்லி, அவளையும் விருந்துக்குக் கூட்டிவந்திருந்தார் மனிதர்.

ஆட்டிறைச்சி வந்தது, போனது. அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கொம்பு ஊதினார்கள். தொப்பி முதலில் நேராக அவர் தலைக்கே வந்தது.

முதல் தலை என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? அது கேலிக்கென்றே பொறுக்கிய தலை. அந்தப் பாழாய்ப்போன தொப்பியோ கச்சிதமாகப் பொருந்தியது. மண்டபமே பார்த்தது. வழக்கம் தெரியாத ஈனிட் எழுந்து நின்று கைதட்டினாள். அவள் மட்டும்.

"தொளதொளன்னு இருக்கே! இந்த மண்டையில இன்னும் கொஞ்சம் மூளை வளரட்டும்!" கிளெமெண்ட் தொப்பியை எடுத்துவிட்டார். மண்டபம் குலுங்கியது.

"பொண்டாட்டிய உட்காரச் சொல்லுய்யா," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர்.

இன்னும் இரண்டு தலை தாண்டி, தொப்பி லயனல் புரூயிட்டின் தலைக்குப் போனது. பெரிய கடை முதலாளி. சங்கத்துக்கு நேற்று வந்தவர். உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த தொப்பியை விழாமல் விரலால் பிடித்துக்கொண்டார்.

"அளவெடுத்துத் தெச்ச மாதிரி!" என்றார் கிளெமெண்ட். கைதட்டல் காதைப் பிளந்தது. வில்ஃபிரட்டும் தட்டினார். தட்டாமல் என்ன செய்வது?

பிறகு கிளெமெண்ட் வந்து அவர் தோளில் கைபோட்டார். "கோவமில்லையே? முதல் தலைக்கு எதையும் சிரிச்சுக்கிட்டே தாங்குற ஆளு வேணும். உன்ன விட்டா யாருடா இருக்கா?"

ஈனிட்டுக்கு முகம் சிவந்தது. "எல்லாரும் பாத்தாங்களே வில்ஃப், உனக்குத்தானே சரியா இருந்துச்சு! இவர் ஏன் எடுத்தாரு?"

கிளெமெண்ட் புன்னகை மாறாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

"பெரிசா இருந்துச்சும்மா," என்று வில்ஃபிரட் அடுத்த மேசைக்கும் கேட்கும்படி சிரித்தார். "உனக்கென்ன தெரியும்?"