அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம்

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது, மறைப்பானேன். ஒரு காட்சிக்கூடத்தில் பரிணாமத்தை விளக்கும் அறைக்குள் நுழைந்தவன், வலப்பக்கம் போகச் சொன்ன அம்புக்குறியைக் கவனிக்காமல் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். திருவண்ணாமலைக்காரனின் கால் அது. நடுவில் எது இருந்தாலும் அதை வலப்புறம் விட்டுத்தான் சுற்றும். மனித மண்டையோட்டில் தொடங்கி மீனில் முடித்தேன்.

[முதலில் எழுதிய தொடக்கம்: "மலை உச்சியில் மேகம் மெல்லத் தவழ்ந்து..." வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுத உட்காரும் எல்லோருக்கும் அந்த மேகம் வந்து தொலைக்கிறது.]

2

வேங்கிக்காலில் ஒரு காட்சிக்கூடம் கட்டினேன். தேடிப் போகாதீர்கள், காகிதத்தில்தான் கட்டினேன். அறை நடுவே வட்டமாக ஏழு கண்ணாடிப் பெட்டிகள். அம்புக்குறிப்படி போனால் மீன் முதலில், மனிதன் கடைசியில். வழிகாட்டியாக இனியாவை நிறுத்தினேன். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து, மூன்று வருடம் செங்கம் ரோட்டு விடுதியில் சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். படித்த படிப்புக்கு இந்த ஊரில் இதைவிட்டால் அவளுக்கு வேறு எலும்புக்கூடு கிடையாது.

கிரிவலம் வந்த பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் இடப்பக்கம்தான் திரும்பியது. "மனுசன் கடைசில மீனாப் பூடுவானாம். கலி முத்திப்போச்சு" என்று பேசிக்கொண்டு வெளியேறியது. பொறுப்பாளர் குமரேசன் அம்புக்குறியைப் பெரிதாக்கிச் சிவப்பு பெயின்ட் அடித்தார். யாராவது பார்த்தால்தானே?

இனியாவுக்கும் எரிச்சல்தான். ஆனால் அம்புக்குறிப்படி வந்த ஒன்றிரண்டு பேர் மட்டும் என்ன கிழித்தார்கள்? மீன் பாஸாகிப் பாஸாகி மனிதனாகிவிட்டதாக நினைத்து, கடைசிப் பெட்டி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். அதுவும் தப்பு. அதனால் அவள் கூட்டத்தின் பக்கமே சேர்ந்துவிட்டாள்.

"உங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கலாங்க. உங்க அம்மா, அவங்க அம்மா, அவங்களுக்கு அம்மா... அப்படியே பின்னாடி போயிட்டே இருந்தா, குரங்குக்கும் நமக்கும் பொதுவா ஒரு அம்மா வருவாங்க. அவங்க இப்ப இருக்கற குரங்கும் இல்ல, நம்மளும் இல்ல."

கூட்டம் நின்று கேட்டது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

3

அப்படிக் கேட்டவர்களில் அடி அண்ணாமலையில் பூஜை சாமான் கடை வைத்திருக்கும் வேணுவும் ஒருவர். பக்கத்தில் பாலாஜி. அதே ஊர், வேறு தெரு. கலெக்டர் ஆபீஸில் உத்தியோகம்.

வேணு பாலாஜியைக் காட்டிக் கேட்டார்: "எங்க வம்சமும் இவங்க வம்சமும் எத்தினியாவது பொட்டில ஒண்ணா சேருது?"

"பொட்டிகிட்ட போறதுக்கு முன்னாடியே சேர்ந்துடுதுங்க. வாசல்லயே."

பாலாஜி சிரித்துவிட்டான். "அப்ப செருப்பு விடற எடத்துலயே சொந்தமாயிட்டோம் வேணுண்ணே."

வேணு சிரிக்கவில்லை. "குரங்கு சொந்தம்னாகூட ஒத்துக்கறேன். இது எப்பிடிங்க?"

கருத்துப் புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிவிட்டுத்தான் போனார்.

3 (திரும்பவும்)

வேணுவுக்கு முறுக்கு மீசை வைத்திருந்தேன்.* அடித்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். ஆஸ்பத்திரியில் யாருக்கு ரத்தம் தேவைப்பட்டாலும் முதல் ஆளாகப் போய்ப் படுப்பவர். அந்த ரத்தம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரிடம் கோபப்படுவதா, பரிதாபப்படுவதா? எனக்குக் கோபம்தான் வருகிறது.

* மீசை இருந்தால் வாசகருக்கு வசதி. தன்னிடம் மீசை இல்லையே என்று நிம்மதியாகத் தூங்கலாம்.

4

வேணுவின் புகாரைப் படித்த குமரேசன் ஒரு வெள்ளைத்தாளை இனியாவின் பக்கம் தள்ளினார்.

"ஒரு வரி போதும்மா. தவறா சொல்லிட்டேன், இனிமே அம்புக்குறிப்படியே சொல்றேன்னு. முப்பதாந்தேதி உன் கான்ட்ராக்ட் முடியுது, தெரியுமில்ல?"

"எது தப்பு சார்? சொன்னதா, சொன்ன திசையா?"

அவர் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டும் இல்லம்மா. கேட்ட ஆளு."

மறுபடியும் விடுதியில் சாவி எடுத்துக் கொடுக்க அவளால் முடியாது. பேனாவை எடுத்தாள். தாளின் மேல் குனிந்து

5

இந்த இடத்தில் வாக்கியத்தை நிறுத்திவிட்டேன்.

அவள் கையெழுத்துப் போடுவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். கிழித்தேன். வேணு மனம் மாறி பாலாஜியைக் கட்டிப்பிடிப்பதாக ஒன்று எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. அவள் வேலையை வீசிவிட்டு வீரமாக வெளியேறுவதாக இன்னொன்று. அவள் ஏன் வெளியேற வேண்டும்? உண்மையைச் சொன்னவள் போக, சிவப்பு பெயின்ட் மட்டும் உள்ளே இருக்குமா?

இந்தக் கதைக்குள் ஒரு எழுத்து விழ வேண்டுமென்றாலும் நான்தான் எழுதியாக வேண்டும். மாட்டேன். 'தவறாகச் சொல்லிவிட்டேன்' என்று இனியாவின் பெயரில் ஒரு வரி என் கையால் வராது. ஆனதைப் பாருங்கள்.

அந்தக் கடிதம் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேனாவைத் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. முதலில் உங்கள் அம்மாவின் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே அவருடைய அம்மா. அதற்கும் மேலே அவருக்கு அம்மா. பெயர் தெரியாமல் பேனா நிற்கும் இடத்துக்கு மேலே இருப்பவள் உங்களுக்கு மட்டுமே அம்மா என்று அடித்துச் சொல்ல முடிந்தால், மன்னிப்புக் கடிதத்தை ஆரம்பியுங்கள்.