தும்மலா, தூக்கமா

காதருகே விசில் அலறியதும் ரங்கேகௌடர் கண்ணைத் திறந்தார். கால் தானாக பிரேக்கை மிதித்தது. பேருந்து சார்மாடி மலைப்பாதையின் வளைவு ஒன்றில், இடதுபக்க முன்சக்கரம் தடுப்புக்கல்லை உரச, குலுங்கி நின்றது. கண்ணாடிக்கு வெளியே மூடுபனியும் மரங்களின் தலைகளும் மட்டும் தெரிந்தன.

விசிலை வாயிலிருந்து எடுத்தாள் கண்டக்டர் வனஜாக்ஷி. பயணிகள் பதினெட்டுப் பேரும் கேட்கும்படி சொன்னாள்.

"தூங்கிட்டீங்க, கௌட்ரே."

"கண்ணு ஒரு நொடி மூடுச்சு. அவ்வளவுதான்."

"அந்த ஒரு நொடியில நாங்க எல்லாம் கீழ பாக்குத்தோட்டத்துல போய் உக்காந்திருப்போம்."

அவருக்கு அவளைப் பிடிக்காது. ஒரு வருடத்துக்கு முன், பெண் கண்டக்டர் வேண்டாம் என்று அவர் டிப்போவில் கேட்டது எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அவள் டிக்கெட் விஷயம் தவிர அவரிடம் வேறெதுவும் பேசியதில்லை. பேசினால் இப்படித்தான், சபையில் வைத்துப் பேசுவாள்.

அன்று மாலையே மேனேஜர் கூப்பிட்டார். மேசையில் வனஜாக்ஷி எழுதிக் கொடுத்த புகார் கிடந்தது. அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

"என்னய்யா இது, மாத்திரை போட்டுட்டு வண்டி எடுக்கறீங்களாமே?" என்றார் மேனேஜர்.

"காபி பூத்துட்டா எனக்குத் தும்மல் நிக்காது சார். ஒரு தடவை ஆரம்பிச்சா பதினஞ்சு, இருபது. கண்ணைத் திறக்க முடியாது. தும்மிக்கிட்டே அந்த வளைவுல திருப்பட்டுமா? அதான் மருந்துக்கடையில அந்தச் சின்ன மாத்திரையை வாங்கிப் போடறேன். எட்டு வருஷமாப் போடறேன்."

"எட்டு வருஷமாத் தூங்கறாரு," என்றாள் வனஜாக்ஷி.

"நீங்க வாயை மூடுங்க மேடம்."

"போன மூணு வாரமா நான் ஏன் முன் சீட்டுல உக்காந்து வர்றேன்னு நினைக்கறீங்க? உங்க முகத்தைப் பார்க்கற ஆசையிலயா?"

ரங்கேகௌடருக்குத் தலை கொதித்தது. மூன்று வாரமாக இவள் தன் இமையை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள், ஒரு வார்த்தை தன்னிடம் சொல்லவில்லை. நேராக எழுதிக் கொடுத்துவிட்டாள்.

டாக்டர் சான்றிதழ் தரும்வரை வண்டி கிடையாது என்று மேனேஜர் முடித்துவிட்டார். மறுநாள் அவரை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் போல்ட்டும் நட்டும் எண்ணினார்.

டாக்டர் ஃபர்ஹானா கறாரான பெண்மணி. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தவள் எடுக்காமலே கேட்டாள்.

"விடிகாலையில இழுப்பு வருதா?"

"லேசா வரும். குளிர்தானே."

"குளிர் இல்ல. ஆஸ்துமா. மூக்குல ஆரம்பிச்சு நெஞ்சுக்கு வந்திருக்கு. நீங்க அதைத் தூக்க மாத்திரையால மூடி வெச்சிருக்கீங்க."

"அது தும்மல் மாத்திரை."

"தும்மலையும் நிறுத்தும், உங்களையும் படுக்க வைக்கும். ரெண்டும் ஒரே மாத்திரைதான். வண்டி ஓட்டறவர் அதைத் தொடவே கூடாது."

அவள் எழுதியதில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே ஒன்று, தூக்கம் குறைவான வேறு மாத்திரை ஒன்று, வாயால் இழுக்கும் இன்ஹேலர் இரண்டு. அவற்றில் தினமும் காலையும் இரவும் இழுக்க வேண்டியது ஸ்டீராய்டு என்று கேட்டதும் ரங்கேகௌடர் சீட்டைத் திருப்பி மேசையில் வைத்தார்.

"இது வேண்டாம். எங்க அண்ணன் இதைச் சாப்பிட்டுத்தான் முகம் பூசணிக்கா மாதிரி ஆச்சு. சர்க்கரை ஏறுச்சு. குளியலறையில வழுக்கி விழுந்தாரு, இடுப்பெலும்பு ரெண்டா போச்சு."

"உங்க அண்ணன் மாத்திரையா எத்தனை வருஷம் முழுங்கினாரு?"

"ஆறேழு வருஷம்."

"யாரைக் கேட்டு?"

அண்ணன் யாரையும் கேட்டதில்லை. பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருந்தார்.

"அது உடம்பு பூராவும் போறது. இது நெஞ்சுக்கு நேராப் போற துளி. இதுலயும் குறை உண்டு, பொய் சொல்ல மாட்டேன். வாய் கொப்புளிக்காம விட்டா நாக்குல வெள்ளை படியும், குரல் கம்மும். மூக்கு ஸ்ப்ரேல சில பேருக்கு ரத்தம் கசியும். அந்த நீல நிற இன்ஹேலர் மூச்சு முட்டினா மட்டும். இழுத்தா நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். புது மாத்திரையும் சில பேருக்குத் தூக்கம் தரும். அதனால ரெண்டு வாரம் வண்டியைத் தொடாம சாப்பிட்டுப் பாருங்க. எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு இருக்கு. எதைத் தாங்குவீங்க, எதைத் தாங்க மாட்டீங்கன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா ஒண்ணு, முடிவு பண்ற வரைக்கும் சான்றிதழ் கிடையாது."

"மிரட்டறீங்களா?"

"ஆமா."

மருந்தை வாங்கி வந்தார். மனைவி நாகரத்னா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணன் மாதிரி ஆனா நான் பார்த்துக்க மாட்டேன்" என்றாள். வீட்டிலும் யாரும் அவர் பக்கம் இல்லை.

பத்தாம் நாள் குரல் கம்மிப்போய் டாக்டரிடம் சண்டைக்குப் போனார். நாக்கை நீட்டச் சொன்னாள். வெள்ளையாக இருந்தது.

"கொப்புளிச்சீங்களா?"

"சில நாள்."

"காது கேட்குதில்ல உங்களுக்கு?"

அவர் எழுந்து வந்துவிட்டார். ஆனால் அன்று இரவிலிருந்து இன்ஹேலரை இழுத்த கையோடு கொல்லைக்குப் போய், மூன்று முறை வாய் நிறையத் தண்ணீர் வைத்துத் துப்பினார். ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டரைத் திட்டிக்கொண்டேதான் துப்பினார். மூன்றாவது வாரம், விடிகாலையில் நெஞ்சில் இருந்த அந்த விசில் சத்தம் இல்லை. பகலில் கண் சொக்கவில்லை. தும்மல் நாளுக்கு மூன்று, நான்கு என்று இறங்கியிருந்தது. இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாவது வாரம் சான்றிதழ் கிடைத்தது. அதே பேருந்து, அதே வனஜாக்ஷி. அவள் வணக்கம் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

நான்காம் நாள் காலை, மலை உச்சியில் இருக்கும் கொட்டிகெஹாரவுக்கு முன்னால் தோட்டத்தில் யாரோ ஈரச் சருகைக் கொளுத்தியிருந்தார்கள். புகை சாலையில் படுத்திருந்தது. அதைத் தாண்டுவதற்குள் ரங்கேகௌடருக்கு நெஞ்சு இறுகிவிட்டது. கொட்டிகெஹார கடைத்தெருவில் வண்டியை ஓரங்கட்டி, நீல இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தார். மூச்சு திறந்தது. ஆனால் விரல்கள் நடுங்கத் தொடங்கின. இங்கிருந்து இனி இறக்கம்தான். அவர் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி, கடை பெஞ்சில் உட்கார்ந்தார்.

கல்யாணத்துக்குப் போகிற கூட்டம் ஒன்று வண்டியில் இருந்தது. பட்டு வேட்டிக்காரர் ஒருவர் இறங்கி வந்தார்.

"முகூர்த்தம் பத்தரைக்கு. இங்க என்ன உக்காந்து காத்து வாங்கறே?"

"மருந்து எடுத்திருக்கேன். கை நடுங்குது. நடுக்கம் நின்ன பிறகுதான் வண்டியை எடுப்பேன்."

"நடுங்கற கையை வெச்சுக்கிட்டு எவன் உனக்கு லைசென்ஸ் கொடுத்தான்?"

ரங்கேகௌடர் வாயைத் திறப்பதற்குள் படியில் நின்ற வனஜாக்ஷி பேசினாள்.

"அவசரம்னா நடங்க. இறக்கம்தான், மூச்சு வாங்காது. பொண்ணு வீட்டுக்காரங்க காத்திருப்பாங்க."

பட்டு வேட்டிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஏறினார். அவள் பெஞ்சுப் பக்கம் வந்தாள்.

"உங்களுக்காகப் பேசலை. நானும் அதே வண்டியிலதான் போகணும்."

"உங்க பேச்சு எனக்குத் தேவையும் இல்லை."

இருபது நிமிடம் போயிற்று. அவர் உள்ளங்கையை விரித்து நீட்டிப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"சுண்டுவிரல் இன்னும் ஆடுது."

அவளை எதையாவது சொல்லிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் சுண்டுவிரல் ஆடத்தான் செய்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து ஜன்னல் வழியாக வசவு வந்துகொண்டிருந்தது; கேட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து, வண்டியை எடுத்தார். இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, மெதுவாக இறக்கினார். உஜிரேயில் கல்யாணக் கூட்டம் இறங்கும்போது பட்டு வேட்டிக்காரர் டிரைவரையும் கண்டக்டரையும் ஒன்றாகச் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

வனஜாக்ஷி கதவை அறைந்து சாத்தினாள்.

"ரைட்," என்றாள், அவர் பக்கம் திரும்பாமலே.