தவளக்குப்பம் வரைக்கும் நடந்தவள்

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மில்லுக்கு லீவு போட்டுவிட்டு பாண்டி முத்தியால்பேட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அக்கா புருஷன் சாமிக்கண்ணு மாமா பல் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா இல்லை.

"எங்க மாமா அக்கா? நேரமாவுதே."

"விடியக்காலமே வேளாங்கண்ணிக்கு நடந்துட்டா. ஜவுளிக்கடை அரிகிருஷ்ணன் கூட்டம் போவுதில்ல, கேன்சர் நிதிக்கு? உங்கக்காதான் முன்னாடி."

"நீங்க பார்த்துக்கினு நின்னீங்களா?"

"ரத்தம் நின்னு பத்து நாளாச்சே வேம்பு. சரியானவளுக்கு இன்னா?"

அந்த மனிதரிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். கூட்டம் போகிற வழியில் ஓடும் கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தும் கோபம் அடங்கவில்லை.

என் அக்கா தையல்நாயகிக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. ஆறு வாரம் கரண்டு வைக்க வேண்டும், பாதிகூட முடியவில்லை. ஊரில் கரண்டு என்று சொன்னாலும் அது மின்சாரம் அல்ல. கோபால்ட் என்ற உலோகத் துண்டு ஒன்று ஈயப் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் கண்ணைத் திறந்தால் அதிலிருந்து கதிர் வரும், பார்வைக்குத் தெரியாது. புற்றில் உள்ள உயிரணுக்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகுகின்றன. பிரிகிற நேரத்தில்தான் கதிர் அவற்றை நன்றாகத் தாக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் பிரிவதில்லை, அதுதான் சிக்கல். கரண்டு வைக்கிற தாஜுதீன் முதல் நாளே எங்கள் இருவரையும் உட்காரவைத்து இதைச் சொல்லியிருந்தார்.

மில் கேட்டை நினைத்தால் புரியும். சங்கத்துக்காரர் சந்தா வாங்க ஒரு ஷிப்டு விடுகிறபோது மட்டும் நின்றால், அந்த ஷிப்டு ஆட்கள்தான் சிக்குவார்கள். மற்றவர்களைப் பிடிக்க நாள் தவறாமல் நிற்க வேண்டும். ரத்தம் நின்றதென்றால் முதல் ஷிப்டு சிக்கியது என்று அர்த்தம். மில் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது.

தவளக்குப்பம் சந்தை முனையில் பஸ் நின்றபோதே குழாய் ஒலிபெருக்கி கேட்டது, இறங்கிவிட்டேன். சைக்கிள் ரிக்‌ஷாவில் பேட்டரி, மைக்செட், துணிப் பேனர், தகர உண்டியல். "கர்ப்பப்பைப் புற்றுநோயை வென்று, மாதாவுக்கு நன்றி சொல்ல நடந்தே வருகிறார் தையல்நாயகி அம்மாள்!" என்று அரிகிருஷ்ணன் கத்தினார். சந்தையில் இருந்த ஆண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கர்ப்பப்பை என்று வீட்டுக்குள்கூட நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அக்கா காவிப் புடவையில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். தோளில் குறுக்கே நீலப் பட்டை. காலில் செருப்பில்லை. ஒரு பெண் தன் சொம்பில் மோர் கொடுத்து, அக்கா குடித்த மிச்சத்தைத் தானும் குடித்தாள். மாமா வீட்டில் அக்காவுக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. ஒட்டிக்கொள்ளுமாம்.

"எழுந்திரு. மத்தியானத்துக்குள்ள போனா கரண்டு மெஷின் ஓடும்."

"கத்தாதடி. சனி ஞாயிறு அவங்களே லீவு உடறாங்க. ரெண்டு நாள் உட்டா ஒண்ணும் ஆவல, நடந்து போயி வர பத்து நாள் உட்டா ஆயிடுமா?"

அறைந்துவிடலாமா என்றிருந்தது. ஆனாலும் கேட்டது நியாயமான கேள்வி.

"அந்த லீவு நோவுக்கு இல்லக்கா, உனக்கு. கரண்டுல உன் நல்ல சதையும் வேவுது. அது தேறி எழும்ப ரெண்டு நாள் குடுக்கறாங்க. அதுக்குமேல உட்டா நோவும் எழும்பிடும். அப்பறம் சேத்து வெச்சி குடுங்கன்னு கேக்கவும் முடியாது. வெந்த சதை தாங்காது."

அக்கா கால் கொப்புளத்தைத் தடவினாள்.

அரிகிருஷ்ணன் மைக்கை வைத்துவிட்டு வந்தார். "தங்கச்சி, மாதா காரியத்துல குறுக்க நிக்காத. கடலூர்ல இந்த அம்மா பேரப் போட்டு பேனர் கட்டியாச்சு. எத்தினி நோயாளிக்கு உதவி, யோசிச்சிப் பாரு."

"இங்க ஒரு நோயாளி உக்காந்திருக்காங்களே, அது கண்ணுக்குத் தெரியலையா?"

"சரியானவங்கன்னு சொன்னாத்தான் காசு வுழுது. பாதி வைத்தியத்துல இருக்காங்கன்னா எவன் போடுவான்?"

அக்கா நிமிர்ந்தாள். "சரியாயிடுச்சின்னு யாரு சொன்னது?"

"நீங்கதானம்மா, ரத்தம் நின்னுடுச்சின்னு..."

"நின்னுடுச்சின்னு சொன்னேன். நோவு போயிடுச்சின்னு சொன்னனா?" அவள் எழுந்தாள். "இந்த உண்டிக் காசு எதுக்கு?"

"ஏழை நோயாளிங்க வைத்தியத்துக்கு."

"எடு. எங்க ரெண்டு பேருக்கும் பஸ் சார்ஜு."

"அது... சீல் வெச்சதும்மா. மாதா கோயில்ல சாமியார் முன்னாடிதான் ஒடைக்கணும்."

மீன்கூடை வைத்திருந்த ஒருத்தி சிரித்தாள். "நோவையும் சீல் வெச்சி குடுய்யா, கோயில் வரைக்கும் காத்திருக்கட்டும்!"

அக்கா சிரிக்கவில்லை. நீலப் பட்டையின் ஊக்கை இழுத்தாள், வரவில்லை. நானும் சேர்ந்து இழுத்தேன். துணி கிழிந்துதான் வந்தது. அதைச் சுருட்டி உண்டியின் வாயில் திணித்தாள். பாதி உள்ளே போனது, பாதி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. இனி காலணா விழாது.

"ஏம்மா, தர்மத்தை அடைக்கலாமா?"

"உன் தர்மத்த நான் சொமந்தது போதும், போ."

எதிர்ப்பக்கம் பாண்டி பஸ் வந்து நின்றது. டிக்கெட்டுக்கு நான்தான் காசு கொடுத்தேன். பின்னால் குழாய் மறுபடி உயிர் பெற்றது: "நடந்தே வருகிறார் தையல்நாயகி அம்மாள்!"

"எவ்ளோ வேகமா நடக்கறேன் பாரு" என்றாள் அக்கா, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி. அரியாங்குப்பம் தாண்டும்வரை அவள் கை அந்தக் கம்பியை விடவில்லை.

"வேம்பு."

"இன்னாக்கா?"

"கரண்டு வெச்சிட்டு வூட்டுக்குப் போனதும் அந்தத் தனித் தம்ளரக் காட்டறேன், தூக்கித் தெருவுல எறி. உங்க மாமன் பாக்கறப்ப எறி."